வேலிப் பொட்டும் இரா அடுப்பும்

எந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தப் போரில் எவர் வென்றார் என்பனவற்றை நாம் வகுப்பறைகளிலே கற்பிக்கின்றோம். அவ்வரசனும், அவனுக்காகப் போரிட்ட வீரனும், அவ்விருவருக்கும் நெல் விளைத்த உழவனும் அன்றிரவு எதை உண்டனர், அதைச் சமைத்தவர் யார் என்னும் வினா எமது பாடநூல்களில் எழுவதேயில்லை. ஆயினும், வரலாற்று நூலில் இடம்பெறாத அவ்வினா யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பொழுது சாயும் வேளைதோறும் ஓலை வேலியின் இப்புறத்திலிருந்து அப்புறத்திற்குச் சென்று வந்திருக்கின்றது.

"என்ன மச்சாள், இரவைக்கு என்ன சமையல்?"

"பெரிசா ஒண்டுமில்லை. குரக்கன் பிட்டுத்தான் அவிச்சனான். கத்தரிக்காய்ப் பால்கறி கொஞ்சம் கிடக்கு, இந்தாரும்."

வினாவைத் தொடர்ந்து வேலியில் விடப்பட்டிருந்த பொட்டினூடாக ஒரு கறிக் கிண்ணம் நீளும். அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. மறுநாளோ, அதற்கு மறுநாளோ ஒரு துண்டுப் பனங்கட்டியாவது அதனுள் இருக்கும். அற்பமெனத் தோன்றும் இந்நிகழ்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே பெண்ணின் உழைப்பு உண்டு. அந்நிய ஆட்சி உண்டு. சாதிக் கொடுமை உண்டு. போரும் பட்டினியும் உண்டு. அதனைச் சுருக்கமாகவேனும் எழுதிப் பார்ப்பது நம் போன்ற ஆசிரியர்களின் கடமையென நாம் கருதுகின்றோம்.

சமைத்ததைப் பிறருக்குச் சொல்வதும், சமைத்ததைப் பிறரோடு பகிர்வதும் தமிழிலக்கியத்தில் மிகப் பழைய செய்திகளாகும். குறுந்தொகையின் 167ஆவது பாட்டைக் கற்றவர்கள் இதனை அறிவார்கள். புதிதாக மணம் முடித்துக் குடித்தனம் நடத்தும் பெண் தயிரைத் தன் விரல்களாலேயே பிசைகின்றாள். கையைக் கழுவாமல் உடையிலே துடைத்துக்கொள்கின்றாள். தாளிப்புப் புகை கண்ணில் நிறைய நின்று குழம்பைச் சமைக்கின்றாள். கணவன் நன்றாயிருக்கிறதென்று உண்கின்றான். அவள் முகம் மெல்லென மலர்கின்றது. கூடலூர் கிழார் இச்செய்தியைச் செவிலித்தாயின் வாயிலாகச் சொல்லுகின்றார். மகளின் வீட்டுக்குச் சென்று திரும்பிய செவிலி, அங்கு கண்டதைப் பெற்றதாயிடம் கூறுகின்றாள். ஒரு பெண் என்ன சமைத்தாள் என்பதை இன்னொரு பெண் மற்றொரு பெண்ணுக்குச் சொல்லும் இக்காட்சி, நமது வேலியோரத்து உரையாடலின் மிக மூத்த பதிவுகளுள் ஒன்றெனல் தகும்.

புறநானூற்றின் 163ஆவது பாட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், அதனைச் சேமித்து வைத்துத் தனித்து வாழ நினையாது எல்லோருக்கும் கொடு என்று மனைவியை வேண்டுகின்றார். கொடுக்கத்தக்கவர் வரிசையிலே, சுற்றத்தின் பசி தீரக் 'குறியெதிர்ப்பை' தந்துதவியவர்களையும் அவர் மறவாது குறிப்பிடுகின்றார். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அதே அளவிற்குத் திருப்பிக் கொடுக்கும் பண்டம். அடுத்த வீட்டிலே ஒரு சுண்டு அரிசியை இரவலாக வாங்கி, கூலி கிடைத்ததும் தலைதட்டி அளந்து திருப்பிக் கொடுக்கும் எமது தாய்மாரின் வழக்கத்திற்குச் சங்கப் புலவன் வைத்த பெயர் அது. புலவனுக்குப் பரிசில் கிடைக்கும் நாள்கள் சில. கிடைக்காத நாள்களே பல. அந்நாள்களில் அவன் குடும்பத்தைக் காத்தது அரசனின் கொடையன்று. அண்டை வீட்டுப் பெண்கள் அளந்து கொடுத்த அரிசியேயாகும்.

ஆயினும் சமையற் கலையின் புகழ் எவருக்குச் சென்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். சிறந்த சமையலை நளபாகம் என்கின்றோம், வீமபாகம் என்கின்றோம். நளனும் வீமனும் அரசகுலத்து ஆண்கள். தம் நிலை இழந்து மறைந்து வாழ்ந்த சில காலமே அடுப்படியில் நின்றவர்கள். வாழ்நாள் முழுவதும் அடுப்படியிலே நின்ற பெண்ணின் பெயரால் ஒரு பாகமும் இல்லை. நாள்தோறும் செய்யப்படும் உழைப்பு இயற்கை போலக் கருதப்படுகின்றது. காற்றுக்கும் மழைக்கும் எவரும் கூலி கேட்பதில்லையன்றோ?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இரா உணவை அதன் மண்ணே முதலில் தீர்மானித்தது. ஆறுகளில்லாத சுண்ணக்கற்பாறை நிலம் இது. நெல் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளையும். ஆகவே சோறு பகற்பொழுதின் உணவாகவும், வறியோர்க்கு விசேட நாளின் உணவாகவும் இருந்தது. இரவைக்குக் கைகொடுத்தவை குரக்கன், சாமை, வரகு, தினை ஆகிய சிறுதானியங்களும் பனையுமே. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிலே காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரிலே ஊறவிட்டு, கைப்புப் போகுமட்டும் நீரை வடித்து வடித்துப் பிழிந்து, பின்னர் நீற்றுப்பெட்டியிலே அவித்தால் ஒடியற் பிட்டு. இதிலே எத்தனை மணிநேர உழைப்பு அடங்கியிருக்கின்றது என்பதை உண்பவர் அறியார். இடித்த கை அறியும்.

ஒடியற் கூழைப் பற்றித் தனியே கூறவேண்டும். மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும், முருங்கையிலையும் புளியும், அரைத்த செத்தல் மிளகாயும் ஒன்றாய்க் கொதிக்க, ஒடியல் மாவைக் கரைத்து விட்டுத் தடிப்பாக்குவது அது. கடற்கரையார் மீனையும், தோட்டக்காரர் மரக்கறியையும், பனங்காட்டார் ஒடியலையும் தரும் பொருளாதாரத்தின் முழு உருவமும் ஒரே பானையிலே அடங்கிவிடுகின்றது. கூழைத் தனியொருவருக்காக எவரும் காய்ச்சுவதில்லை. பனையோலையைக் கோலிய பிளாக்களிலே ஊற்றிச் சுற்றியிருந்து குடிப்பதே முறை. பழந்தமிழர் உணவென நாம் பெருமை பேசும் அக்கூழின் உறைப்பைத் தரும் மிளகாயும், அதிலே கரையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, ஐரோப்பியரின் கப்பல்களோடு கீழைநாடுகளுக்கு வந்தவை. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவிழ்த்தனர்; ஒல்லாந்தர் 1658இல் கோட்டையைக் கைப்பற்றினர்; ஆங்கிலேயர் 1795இல் வந்தனர். மூவரும் போய்விட்டனர்; மிளகாய் போகவில்லை. எமது உணவு தூய்மையானது, மாறாதது என வாதிடுவோர் தங்கள் அம்மியையே ஒருமுறை உற்று நோக்குவார்களாக.

ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னரும் புகையிலை குடாநாட்டின் பெரும் பணப்பயிராக வளர்ந்தது. துலா மிதித்து நீரிறைத்து விளைவித்த புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. அந்தக் காசுக்கு வெளிநாட்டு அரிசி வந்தது. உணவை விளைத்த நிலம் காசை விளைக்கும் நிலமாயிற்று; இரா அடுப்பு சந்தையின் விலையோடு பிணைக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை முழுவதற்கும் இதுவே நேர்ந்தது. மலைநாட்டிலே முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்த பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. நாட்டு மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வரலாயிற்று. வேலியோரத்தில் மச்சாளும் மச்சாளும் பேசிக்கொண்ட இராச் சமையலின் மூலவேர் இரங்கூன் துறைமுகத்தில் இருந்தது. அதனை அவர்கள் 1942இல் அறிந்தனர்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பின் மீதும், 9ஆந் திகதி திருகோணமலையின் மீதும் குண்டுகள் வீழ்ந்தன. பர்மா அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் வந்தது. ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள், எமது மக்கள் சங்கக்கடை என்று அழைத்தவை, பெருகின. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவு கொடுக்கப்பட்டது. கடைப் பாணாக மட்டுமே பலரும் அறிந்திருந்த கோதுமை, மாவாக வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தது அக்காலத்திலேயாம்.

இவ்விடத்திலே வரலாற்று நூல்கள் பேசாத ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிடவேண்டும். கோதுமை மாவிலே பசைத்தன்மை மிகுதி. அரிசி மாவிற்போல அதிற் சுடுநீரை ஊற்றிப் பிட்டுக்குக் குழைத்தால் அது களியாய்த் திரண்டு கையில் ஒட்டும். இடியப்ப உரலிலே பிழியவும் வராது. எமது பெண்கள் உலர்ந்த மாவைத் துணியிலே முடிந்து முதலில் ஆவியில் அவித்தார்கள். கட்டியாகிய மாவை உதிர்த்து அரிதட்டிலே அரித்தார்கள். பின்னரே சுடுநீர் விட்டுக் குழைத்தார்கள். பசை அடங்கியது, பிட்டு மணல்மணலாய் உதிர்ந்தது, இடியப்பம் நூல்நூலாய் இறங்கியது. அந்நிய தானியத்தை ஊரின் உணவாக்கிய இந்நுட்பத்திற்கு உரிமை கோரியவர் எவருமில்லை. பதக்கம் பெற்றவரும் எவருமில்லை. ஆய்வுக்கூடமோ, நூலோ, விளம்பரமோ இன்றி அது பரவியது. பரவிய வழி வேலிப் பொட்டேயாகும். "மாவை அவிச்சுப்போட்டுக் குழைச்சுப் பாரும்" என்று ஒருத்தி மற்றொருத்திக்குச் சொன்னாள். அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள். இன்று வடக்கிலும் கிழக்கிலும் அவித்த மாவு இல்லாத வீடு அரிது. மக்கள் கூடிப் படைத்த அறிவு என்று நாம் மேடைகளிலே பேசுவதற்கு இதனிலும் சிறந்த சான்று எமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் கூறியபின், வேலிப் பொட்டைப் பொற்காலத்தின் சின்னமாகப் போற்றிவிட்டு நாம் நின்றுவிடலாகாது. அப்பொட்டு எல்லோருக்கும் திறக்கவில்லை. அதன் இரு பக்கத்திலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதியினர், பெரும்பாலும் உறவினர். மச்சாள் என்னும் விளிப்பெயரே அதனைக் காட்டிவிடுகின்றது. காய்கறியையும் நெல்லையும் எவரிடமும் வாங்கலாம். சமைத்த உணவை மட்டும் வாங்கலாகாது என்பது சாதியின் சட்டம். அவ்வுணவுக்கான நெல்லைக் குத்தியவரும், விறகைப் பிளந்தவரும், மரமேறி ஓலை வெட்டி அவ்வேலியையே அடைத்தவரும் வீட்டின் பின்புறத்தில் நின்று எஞ்சியதைத் தம் ஏனத்தில் ஏந்தினர். தேநீர்க் கடைகளிலே அவர்களுக்குச் சிரட்டையும் தகரப் பேணியும் வெறும் போத்தலுமே வைக்கப்பட்டன. இக்கட்டுப்பாட்டை அடுப்படியிலே காத்து நின்றவர்களில், கண்ணீரும் வியர்வையுமாய் உழைத்த அதே பெண்களும் இருந்தனர் என்பது கசப்பான உண்மை. ஒடுக்கப்பட்டவள் தனக்குக் கீழே ஒருவரை வைத்து அமைதி காண்பாளாயின், அதுவே ஒடுக்குமுறையின் மிகப் பெரிய வெற்றியாகும்.

இவ்வேலியை உடைக்கும் முயற்சி பந்தியிலும் வாங்கிலும் தொடங்கியது. 1924இல் உருவாகிய இயக்கமாகிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்தது, சமபோசனத்தை வலியுறுத்தியது. பாடசாலைகளிலே எல்லாச் சாதி மாணவர்க்கும் சம ஆசனம் வேண்டும் என்ற விதி 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, ஆதிக்க சாதியினர் பாடசாலைகளுக்கே தீவைத்தனர். சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைப் பிரவேசத்திற்காகப் போராடியது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் ஒருவரை மறிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தது. சிரட்டை கடையில் இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து சங்கானை முதலிய ஊர்களில் நடைபெற்ற தேநீர்க் கடைப் போராட்டங்களும் அச்சிரட்டையை உடைத்தன. அதற்காக உயிர் கொடுத்தோரும் உளர். ஒரு குவளைத் தேநீருக்காகவா இத்தனை இரத்தம் என்று வினவியோருக்கு நாம் கூறும் விடை இதுவே: அது தேநீருக்காகச் சிந்திய இரத்தமன்று, ஒரே குவளைக்காகச் சிந்திய இரத்தம்.

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் கூப்பன் புத்தகத்தின் உட்பொருள் விளங்கும். போர்க்காலத்து அவசியத்தினால் அந்நிய அரசு அறிமுகம் செய்த ஏற்பாடேயாயினும், அதிலே ஒரு புதிய நியதி இருந்தது. ஆளுக்கு இத்தனை கொத்து என்பதே அதன் கணக்கு. இந்தச் சாதிக்கு இத்தனை கொத்து என்பதன்று. வேலிப் பொட்டினூடாக வந்த கிண்ணம் உறவின் பெயரால் வந்தது. சங்கக்கடை அரிசி உரிமையின் பெயரால் வந்தது. முன்னதை மறுக்கலாம், பின்னதை மறுத்தால் மக்கள் தெருவுக்கு வருவார்கள். 1953இல் வந்தார்கள். பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. நிதியமைச்சராக இருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தன, பிரதமர் டட்லி சேனநாயக்க. ஆகஸ்டு 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நாடு ஹர்த்தாலில் நின்றது. மக்கள் சுடப்பட்டனர்; அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது; ஒக்டோபரிலே பிரதமர் பதவி துறந்தார். இரவைக்கு என்ன சமைப்பது என்னும் வினா ஓர் அரசாங்கத்தின் தலைவரையே வீழ்த்திய வரலாறு அது.

அவ்வுரிமை பின்னர் படிப்படியாகத் தேய்ந்தது. 1966இன் இறுதியில் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலே எண்ணெயும் தானியமும் விலையேற, நாடெங்கும் மரவள்ளியும் பாண் வரிசையும் வாழ்வாயின. யாழ்ப்பாணத்திலே இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்று, தோட்டக்காரர் சிலர் கல்வீடு கட்டினர். அதே ஆண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களிலோ மக்கள் பட்டினியால் மாண்டனர். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. குடியுரிமை பறிக்கப்பட்டு, காணித்துண்டும் இன்றி, லயத்து அறையொன்றிலே வாழ்ந்தவர்களுக்கு மரவள்ளி நட ஒரு முழ நிலமேனும் தமக்கென இல்லை. பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண், மாலையிலே விறகும் சுமந்து லயத்துக்கு வந்து, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பலோ வெறும் மிளகாய்ச் சம்பலோ அரைத்து, எல்லோரும் உண்டபின் தான் உண்டாள். அந்த ரொட்டிக்கும் மாவு கிடையாத இரவுகள் வந்தன. குடாநாட்டின் கல்வீடுகளும் மலைநாட்டின் சவக்குழிகளும் ஒரே ஆண்டுகளில் எழுந்தன என்பதைத் தமிழர் எனும் பொதுச்சொல் மறைத்துவிடக் கூடாது.

1977இற்குப் பின்னர் பொருளாதாரம் திறக்கப்பட்டது. அனைவருக்குமாயிருந்த பங்கீடு 1978இல் வறியோருக்கென ஒடுக்கப்பட்டது. 1979இல் அதன் இடத்திற்கு உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயிலே குறிக்கப்பட்டிருந்தது; கொத்திலே குறிக்கப்படவில்லை. விலை ஏற ஏற முத்திரை தேய்ந்தது. உரிமை உதவியாயிற்று, உதவி பிச்சையாயிற்று.

பின்னர் வந்த போர்க்காலத்தை நூலிற் கற்று நாம் எழுதவேண்டியதில்லை. 1990இலிருந்து குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் நடுவிலேயே நாம் பிறந்தோம். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்த ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து உண்டதே எமது முதல் நினைவு. எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காகப் பொழுது படுமுன்னரே இராச் சாப்பாடு முடிந்துவிடும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது நாம் சிறு குழந்தை. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்கள் தங்கியிருந்தோம். வெளியே மும்மூன்று கற்களை வைத்து ஆளுக்கோர் அடுப்பு மூட்டினார்கள். விறகு போதவில்லை, பானை போதவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவ்வடுப்புகள் ஒன்றாயின. அந்தப் பானையிலே எவர் வீட்டு அரிசி எது என்று பிரிக்க முடியவில்லை. ஊரிலே ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடியாத இரு குடும்பங்களும் அதில் உண்டன. ஆறு மாதங்களின் பின் ஊர் திரும்பினோம்; வேலிகளும் திரும்பின. துன்பம் மனிதரைச் சமப்படுத்தும் என்பர். துன்பம் சமப்படுத்தியதைச் சமூக அமைப்பு மறுபடி பிரித்துவிடும் என்பதையும் அன்றே நாம் கற்றோம்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே அடைபட்டிருந்த மக்களுக்கு எஞ்சியது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே. தேங்காய்ப் பாலின்றிக் காய்ச்சிய அக்கஞ்சியைத் தொண்டர்கள் வரிசையில் நின்றோருக்கு வார்த்தனர். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் அக்கஞ்சி தெருவோரங்களிலே காய்ச்சிப் பகிரப்படுகின்றது. 2024இல் சம்பூரில் அதனைக் காய்ச்சிப் பகிர்ந்தமைக்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டனர். ஒரு பானைக் கஞ்சி அரசை அச்சுறுத்தக் கூடியதா என்று சிலர் வியந்தனர். 1953ஐ அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

இனி, இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். 2022ஆம் ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. செப்டெம்பரிலே உணவுப் பொருள்களின் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்திருந்தது. அக்காலத்திலே பத்தாந் தர மாணவர்க்கு 'எமது வீட்டின் நேற்றைய இராச் சாப்பாடு' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதப் பணித்தோம். வருணனை பயிலவேண்டும் என்பதே எமது நோக்கம். அக்காலத்திற்கு ஒவ்வாத தலைப்பு என்பதை உணரும் அறிவு எமக்கு அன்று இருக்கவில்லை. ஒரு மாணவியின் கட்டுரை ஏனையவற்றை விஞ்சி நின்றது. வெங்காயம் தாளிக்கும் மணம், அதன்பின் வெந்தயம், அதன்பின் புளியும் மீனும் கொதிக்கும் மணம் என ஒழுங்கு தவறாது எழுதியிருந்தாள். வகுப்பிலே வாசித்துக் காட்டிப் பாராட்டினோம். பாடம் முடிந்ததும் அவள் எம்மிடம் வந்தாள்.

"ரீச்சர், அது எங்கடை வீட்டுச் சமையல் இல்லை. பக்கத்து வீட்டிலை சமைச்சது. மதிலுக்கு இஞ்சாலை எனக்கு மணந்தது."

"அப்ப உங்கடை வீட்டிலை?"

"வெறுந் தேத்தண்ணியும் பாணும், ரீச்சர். தம்பிக்குத்தான் பாண்."

அவளுடைய கட்டுரையிலே உண்ணும் காட்சி இல்லாதிருந்ததை நாம் அப்போதுதான் கவனித்தோம். மணம் வரைக்குமே அவள் எழுதியிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மதிலை நாம் மறக்கவில்லை. ஓலை வேலியும் கிடுகு வேலியும் போய்ச் சீமெந்து மதில்கள் எழுந்துவிட்டன. வெளிநாட்டுப் பணமும், போர் தந்த அச்சமும் அவற்றை உயர்த்தின. மதிலிலே பொட்டு இல்லை. உள்ளேயிருப்பவர் கொடியவர் அல்லர். அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. முன்னர் பொழுது சாயும் வேளையில் எழுந்த அவ்வினா வெறும் சம்பிரதாயப் பேச்சன்று. எந்த வீட்டில் அடுப்பு மூளவில்லை என்பதை அறியும் ஊரின் கணக்கெடுப்பும் அதுவே. அக்கணக்கெடுப்பு இன்று நின்றுவிட்டது.

பழைய வேலியை மீண்டும் அடையுங்கள் என்று நாம் கூறவில்லை. அம்மாணவியின் பாட்டி அன்று வாழ்ந்திருந்தால், அவ்வேலிப் பொட்டு அவளுக்குத் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உறவின் பெயராலும் இரக்கத்தின் பெயராலும் வரும் கிண்ணம், உறவற்றவரையும் இரக்கத்திற்கு ஆளாக மறுப்பவரையும் சென்றடைவதில்லை. ஒவ்வொரு வீட்டின் இரா அடுப்பும் எரிவதைச் சமுதாயம் முழுவதும் தன் பொறுப்பாக ஏற்கவேண்டும். ஆளுக்கு இத்தனை கொத்து என்னும் அந்த நியதியை நம் முன்னோர் தெருவில் நின்று காத்தார்கள். நாம் வீட்டுக்குள் இருந்து இழந்தோம். அதனை மீட்பது அரசியற் பணி. அப்பணிக்கு முன்னோடியான ஒரு சிறு பணி ஆசிரியர் கையிலும் மாணவர் கையிலும் உண்டு.

தாயிடமும் பாட்டியிடமும் மாணவர்கள் கேட்டு எழுதட்டும். 1974இல் உங்கள் வீட்டில் இரவைக்கு எதைச் சமைத்தீர்கள்? 1995இல்? 2009இல்? யாரிடம் இரவல் வாங்கினீர்கள்? யாருக்குக் கொடுத்தீர்கள்? யாருக்குக் கொடுக்க மறுத்தீர்கள்? கடைசியாக உண்டவர் யார்? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் விடையுண்டு. விடை கூறவல்ல மூதாட்டிகள் நாள்தோறும் மறைந்துவருகின்றனர். விடைகளைத் தொகுத்தால் ஊரின் வரலாறு கிடைக்கும். கடைசி வினாவுக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் வரும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

அம்மாணவி இன்று உயர்தரம் முடித்துவிட்டாள். அவளுடைய அக்கட்டுரை எம்மிடம் உள்ளது. 20இற்கு 17 புள்ளிகள் இட்டிருந்தோம். வருணனைக்காக இட்ட புள்ளிகள் அவை. அவள் எழுதாது விட்ட பகுதிக்குப் புள்ளியிடும் தகுதி எமக்கு இல்லை.